வீட்டு எஸ்பிரெசோவின் சுவையை மேம்படுத்துவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் குடித்த எஸ்பிரெசோ அடர்த்தியும் இனிப்புமாக இருந்தது. வீட்டில் அப்படி வரவே இல்லை. மெஷினை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். முதலில் கிரைண்டரைப் பாருங்கள். கடைக்குப் போனால் பளபளக்கும் பெரிய மெஷின்தான் கண்ணில் படும். அதன் பக்கத்தில் நிற்கும் கிரைண்டரை யாரும் கவனிப்பதில்லை. ஆனால் சுவையில் பாதிக்கு மேல் அங்கேயே முடிவாகிவிடுகிறது என்பது என் உறுதியான கருத்து. எஸ்பிரெசோவில் தண்ணீரும் காபியும் சேர்ந்திருப்பது அரை நிமிடம்தான். அந்த அரை நிமிடத்தில் தண்ணீர் எவ்வளவு தடுக்கப்படுகிறது, எவ்வளவு சத்தை இழுத்துக்கொண்டு இறங்குகிறது என்பதெல்லாம் அரவையின் கையில். நல்ல கிரைண்டரும் புதுக் கொட்டையும் இருந்தால் சாதாரண மெஷின்கூட மரியாதையான ஷாட் (ஒரு தடவை இறக்கும் எஸ்பிரெசோ) தரும். கிரைண்டர் சரியில்லை என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மெஷினாலும் அதைச் சரிக்கட்ட முடியாது.

கையில் இருக்கும் பணத்தை எந்த வரிசையில் செலவழிப்பது என்று கேட்டால் என் பதில் இது: முதலில் 0.1 கிராம் வரை காட்டும் சிறு தராசு. அடுத்து, வறுத்த தேதி அச்சிட்ட கொட்டை. பிறகு கிரைண்டர். மெஷின் கடைசி.

எந்த அளவில் தொடங்குவது?

18 கிராம் பொடி, கோப்பையில் 36 கிராம் காபி, பம்ப் ஓடத் தொடங்கியதிலிருந்து 25 முதல் 30 நொடி. பொடியைப் போல இரு மடங்கு எடையில் காபி என்ற இந்தக் கணக்கைத்தான் இன்று பெரும்பாலான கடைகளும் தொடக்கமாக வைத்துக்கொள்கின்றன. இது சட்டம் இல்லை, புறப்படும் இடம். அங்கிருந்து உங்கள் நாக்கு சொல்லும் பக்கம் நகர வேண்டும்.

18 கிராம் என்பது பாஸ்கெட்டை, அதாவது பொடி போடும் சல்லடைக் கிண்ணத்தைப் பொறுத்தது. டெலாங்கி டெடிகா மாதிரி 51 மி.மீ. பாஸ்கெட் கொண்ட மெஷின்களில் அவ்வளவு பிடிக்காது. 14 கிராம் அளவில் தொடங்குங்கள். கேஜியா கிளாசிக்கின் 58 மி.மீ. பாஸ்கெட்டில் 18 தாராளமாக உட்காரும். நிரப்பியது அதிகமா என்று பார்க்க எளிய வழி உண்டு. டேம்பர் என்ற அழுத்தியால் அழுத்திய பொடியின் மேல் ஒரு நாணயத்தை வைத்து, பாஸ்கெட்டைத் தாங்கும் கைப்பிடியான போர்ட்டாஃபில்டரை மெஷினில் பூட்டிக் கழற்றிப் பாருங்கள். நாணயம் பொடிக்குள் ஆழமாக அழுந்தியிருந்தால் ஒரு கிராம் குறையுங்கள். பொடிக்கும் மேலே உள்ள சல்லடைக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தால்தான் நனைந்த பொடி உப்புவதற்கு இடம் கிடைக்கும்.

கோப்பையில் இறங்கிய காபியை மி.லி.யில் அளக்க வேண்டாம், எடை போடுங்கள். நுரை கண்ணை ஏமாற்றும். புதுக் கொட்டையில் பாதிக் கோப்பை நுரையாகவே நிற்கும். பழைய கொட்டையில் அதே உயரத்துக்கு இரு மடங்கு காபி இறங்கியிருக்கும்.

ஷாட் புளிக்கிறது. சில நாள் கசக்கிறது. எதை மாற்றுவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

காபியிலிருந்து எல்லாச் சுவையும் ஒரே நேரத்தில் இறங்குவதில்லை. புளிப்பைத் தரும் அமிலங்கள் வேகமாகக் கரைந்து முதலில் வந்துவிடும். இனிப்பும் உருண்டையான சுவையும் அவற்றைத் தொடர்ந்து வரும். கசப்பும் துவர்ப்பும் கடைசியில் மெதுவாக வரும். ஷாட் சீக்கிரம் ஓடி முடிந்தால் புளிப்பு மட்டும் மிஞ்சும். ரொம்ப நேரம் இழுத்தால் கசப்பு எல்லாவற்றையும் மூடிவிடும்.

இதை நீங்களே நாக்கில் பார்க்கலாம். மூன்று சிறு கோப்பைகளை எடுத்துக்கொண்டு, ஒரே ஷாட்டை மூன்று பங்காகப் பிடியுங்கள். முதல் பங்கு கெட்டியாக, புளிப்பும் உப்புமாக இருக்கும். இரண்டாவதில் இனிப்பு தெரியும். மூன்றாவது நீர்த்து, கசந்து, வெறுமையாக இருக்கும். தனித்தனியாக ருசித்தபின் மூன்றையும் ஒன்றாகக் கலந்து குடியுங்கள். ஒவ்வொன்றும் தனியாக நன்றாக இல்லாதபோது, சேர்ந்தால் எப்படிச் சமன் ஆகிறது என்பது அப்போது புரியும். பிறகு யார் என்ன அளவு சொன்னாலும் அதை உங்கள் நாக்கே சரிபார்த்துக்கொள்ளும்.

இனி, சரி செய்யும் முறை. தாடை கூசும் புளிப்பாக இருந்தால் அரவையை நைஸாக்குங்கள். பொடியின் எடையும் கோப்பையில் இறங்கும் காபியின் எடையும் மாறக் கூடாது. விழுங்கிய பிறகும் கசப்பு வாயில் நின்றால் அரவையைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அரவை, எடை, வெப்பம் மூன்றையும் ஒரே நாளில் திருகினால் எது வேலை செய்தது என்று தெரியாது. அரவையால் ஷாட்டின் நேரம் 25 நொடிக்கு வந்துவிட்டது, ஆனாலும் இன்னும் கொஞ்சம் புளிக்கிறது என்றால் அரவையை அப்படியே விட்டுவிட்டு 36-க்குப் பதில் 40 அல்லது 42 கிராம் வரை இறக்கிப் பாருங்கள். கசந்தால் 32-இல் நிறுத்துங்கள். இந்தச் சிறு நகர்த்தல் பலருக்குத் தெரிவதில்லை. அரவையைத் திருகித் திருகிக் களைத்துப்போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று. அரவையை மாற்றியதும் வருகிற முதல் ஷாட்டை நம்ப வேண்டாம். கிரைண்டருக்குள் பழைய அரவை கொஞ்சம் தங்கியிருக்கும். இரண்டு மூன்று கிராம் அரைத்து எடுத்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

புளிப்பும் கசப்பும் ஒரே கோப்பையில் வருகின்றன. இது எப்படி?

தண்ணீர் குறுக்கு வழி கண்டுபிடித்துவிட்டது. பொடிப் படுகையில் எங்காவது தளர்வான இடமோ விரிசலோ இருந்தால், 9 பார் (காற்றழுத்தத்தைப் போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு) அழுத்தத்தில் வரும் தண்ணீர் அதன் வழியே பாய்ந்துவிடும். அந்த வழியோரம் இருக்கிற பொடியிலிருந்து கசப்பு வரை எல்லாம் இறங்கிவிடும். மற்ற இடத்துப் பொடி அரைகுறையாக நனைந்து புளிப்பை மட்டும் தரும். நாக்கு வறண்டு பிடித்துக்கொள்கிற துவர்ப்பு இருந்தால் சந்தேகமே வேண்டாம். அடிப்பாகம் இல்லாத போர்ட்டாஃபில்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்: பக்கவாட்டில் பீய்ச்சும், ஒரு பக்கம் மட்டும் சீக்கிரம் வெளுத்துவிடும்.

இதற்குச் சிறந்த மருந்து ஊசி. மெல்லிய ஊசிகளால் பாஸ்கெட்டில் உள்ள பொடியை அடிவரை கிளறிக் கட்டிகளை உடைக்கும் முறையை ஜான் வைஸ் என்ற ஆர்வலர் 2000-களின் நடுவில் பரப்பினார். இன்று காபிப் போட்டிகளில் கலந்துகொள்ளும் பாரிஸ்டாக்கள் (கடைகளில் காபி போடுகிறவர்கள்) கூட அதைச் செய்கிறார்கள். 0.4 மி.மீ. அல்லது அதைவிட மெல்லிய ஊசி வேண்டும். அக்குபஞ்சர் ஊசிகள் நாலைந்தை ஒரு கார்க்கில் குத்தி வைத்துக்கொண்டால் போதும். பல் குத்தும் குச்சி தடிமனானது. அது கட்டியை உடைக்காமல் பள்ளம்தான் போடும். முதலில் அடியில் சுற்றுங்கள், மெதுவாக மேலே வாருங்கள், கடைசியில் மேற்பரப்பைச் சமமாக்குங்கள். பதினைந்து நொடி வேலை. வீட்டில் செய்யக்கூடிய மாற்றங்களில் செலவுக்கு மிஞ்சிய பலன் தருவது இதுதான்.

அரவை அளவுக்கு மீறி நைஸாக இருந்தாலும் இதே கோளாறு வரும். ஆரிகன் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோஃபர் ஹெண்டனும் பல கணிதவியலாளர்களும் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதை நன்றாக விளக்கியது. அரவை நைஸாக ஆக, காபியிலிருந்து இறங்கும் சத்து ஒரு கட்டம் வரை கூடுகிறது. அதைத் தாண்டினால் படுகையின் சில பகுதிகள் அடைத்துக்கொண்டு, இறங்கும் சத்து குறைய ஆரம்பிக்கிறது. புளிக்கிறதே என்று நைஸாக்கிக்கொண்டே போய், இன்னும் அதிகமாகப் புளித்தால் இதுதான் காரணம். அப்போது திரும்பி வாருங்கள்: அரவையைப் பெரிதாக்கி, பொடியை ஒரு கிராம் குறைத்துப் பாருங்கள்.

டேம்பரை எவ்வளவு பலமாக அழுத்துவது?

பொடி இனி இறங்காது என்று கை உணரும் வரை. அதற்கு மேல் பலம் காட்டுவதில் பயன் இல்லை. நேராக அழுத்துவதுதான் முக்கியம். சாய்ந்தால் மெல்லிய பக்கமாகத் தண்ணீர் ஓடிவிடும். மெஷினுடன் வரும் பிளாஸ்டிக் டேம்பர் பெரும்பாலும் பாஸ்கெட்டைவிடச் சிறியதாக இருக்கும். சரியான அளவில் ஒரு உலோக டேம்பர் வாங்கிவிடுங்கள்.

மிக்ஸியில் அரைக்கலாமா? கடையிலேயே எஸ்பிரெசோவுக்கு அரைத்து வாங்கலாமா?

மிக்ஸி அரைப்பதில்லை, வெட்டுகிறது. பிளேடில் பட்டது தூளாகும், படாதது நொறுங்கலாக நிற்கும். தூள் கசப்பைத் தரும், நொறுங்கல் புளிப்பைத் தரும். ஃபில்டரில் டிகாஷன் நிதானமாகச் சொட்டுகிறது என்பதால் இந்தக் குறை ஓரளவு மறையும், எஸ்பிரெசோவில் மறையாது.

கடையில் அரைத்து வாங்கினால் அரவை சீராக இருக்கும், ஆனால் உங்கள் மெஷினுக்கு ஏற்றதாக இருக்கும் என்று சொல்ல முடியாது. மாற்றவும் முடியாது. அரைத்த காபியின் மணம் நிமிடக் கணக்கில் கரைந்துவிடும்.

பட்ஜெட் குறைவு என்றால் கையால் சுற்றும் கிரைண்டர் வாங்குங்கள். ஒன்ஸெட்பிரெஸ்ஸோ, கின்கிரைண்டர் போன்றவற்றின் எஸ்பிரெசோ மாடல்கள், இரண்டு மூன்று மடங்கு விலையுள்ள மின்சார கிரைண்டர்களுக்கு ஈடாக அரைக்கின்றன. 18 கிராம் அரைக்க ஒரு நிமிடம் கை வலிக்கும், அவ்வளவுதான். வாங்கும்போது, அரவையை மாற்றும் வளையத்தில் ஒரு சுற்றுக்கு எத்தனை கிளிக் என்று பாருங்கள். கிளிக் நெருக்கமாக இருந்தால்தான் எஸ்பிரெசோவுக்கு வேண்டிய நுணுக்கமான மாற்றம் கிடைக்கும்.

அரவைப் பதம் தெரிய, விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். மைதாவாக வழுக்கக் கூடாது. நுண்ணிய மணல் மாதிரி லேசாக உரச வேண்டும்.

அரைத்த பொடி எங்கும் ஒட்டிக்கொண்டு பறக்கிறது. வழி உண்டா?

அரைப்பதற்கு முன் கொட்டை மேல் ஓரிரு துளி தண்ணீர் தெளித்துக் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தை நனைத்துக் கிளறினாலும் போதும். அரைக்கும்போது உண்டாகும் மின்னூட்டத்தை ஈரம் அடக்கிவிடும். ஹெண்டன் குழு, எரிமலைச் சாம்பலின் மின்னூட்டத்தை ஆராய்கிறவர்களோடு சேர்ந்து 2023-இல் இதைச் சோதித்துக் காட்டியது. பொடி கட்டியாவது குறைவதால் படுகையும் சீராகிறது.

மெஷினோடு வந்த பாஸ்கெட்டின் அடியில் ஒரே ஒரு ஓட்டைதான் இருக்கிறது. பரவாயில்லையா?

அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். உள்ளே சல்லடை, வெளியே ஒற்றைத் துளை. அரவை எப்படி இருந்தாலும் அந்தத் துளையே தடையாக நின்று, காபியை நுரையாக்கிப் பீய்ச்சும். கடையில் அரைத்து வாங்கிய பொடிக்கு அதுதான் ஏற்றது. அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் அதில் அரவையை மாற்றினால் கிடைக்கும் பலன் மிகக் குறைவு. நல்ல கிரைண்டர் வாங்கிய அன்றே ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறுங்கள். 51, 54, 58 மி.மீ. என எல்லா அளவிலும் தனியாகக் கிடைக்கிறது.

எந்தக் கொட்டை வாங்குவது?

பையில் வறுத்த தேதி இல்லாத கொட்டையை வாங்க வேண்டாம். காலாவதித் தேதி மட்டும் போட்டிருந்தால் அது உங்களுக்கு எதையும் சொல்லாது. நம் ஊரில் இப்போது வறுத்த தேதி போடும் ரோஸ்டர்கள் நிறைய. ப்ளூ டோக்காய் அதைப் பழக்கமாக்கியவற்றில் ஒன்று.

வறுவல்: தொடங்குகிறவர்களுக்கு நடுத்தர வறுவல், அல்லது அதைவிடச் சற்றே கறுத்தது. இளம் வறுவலில் கொட்டை கடினமாக இருக்கும், சத்து எளிதில் இறங்காது. அதற்கு இன்னும் நைஸான அரவை, கூடுதல் வெப்பம், 1-க்கு 2.5 அல்லது 3 என்ற விகிதம் எல்லாம் வேண்டும். சிறிய மெஷின்களும் மலிவான கிரைண்டர்களும் அங்கேதான் திணறும். மாறாக, எண்ணெய் மினுங்கும் அளவுக்குக் கறுத்த கொட்டையில் என்ன செய்தாலும் சாம்பல் கசப்பு போகாது. கிரைண்டரிலும் எண்ணெய் படியும்.

சிக்மகளூர், குடகு அராபிகாக்கள் எஸ்பிரெசோவுக்கு நன்றாகப் பொருந்தும். புளிப்பு அடங்கி, சாக்லேட்டும் வறுத்த பருப்பும் கலந்த சுவை அவற்றில் அடிக்கடி கிடைக்கும். ஏற்காடு, தாண்டிக்குடி பக்கத்துத் தோட்டங்களின் கொட்டை கிடைத்தால் விடாதீர்கள். பழமாகவே உலர்த்திய காபி எஸ்பிரெசோவில் பழ இனிப்பைத் தூக்கிக் காட்டும். கழுவி உலர்த்தியது தெளிவாக, அடக்கமாக இருக்கும். மான்சூன்ட் மலபார் தனி ரகம். மேற்குக் கடற்கரைக் கிடங்குகளில் பருவக்காற்றின் ஈரத்தில் வைத்து ஊதவைத்த கொட்டை அது. புளிப்பு அநேகமாக இல்லை, வாயில் கனமாக இருக்கும். புளிப்பே பிடிக்காதவர்களுக்கு அதைத் தைரியமாகச் சொல்வேன்.

ரொபஸ்டா என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்தியக் காபியை அதிகமாக வாங்கும் நாடு இத்தாலி. அங்கே நம் ரொபஸ்டா எஸ்பிரெசோ கலவைகளில் பல காலமாக இடம்பெறுகிறது. அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபீன், கெட்டியான நுரை, கனம் எல்லாம் அதில் உண்டு. நன்றாகப் பதப்படுத்திய ரொபஸ்டாவை 20 முதல் 30 சதவீதம் கலந்தால், பால் சேர்த்தாலும் சுவை நிமிர்ந்து நிற்கும். பால் காபிக்கே எஸ்பிரெசோ எடுக்கும் வீடுகளில் முழு அராபிகாவைவிட இந்தக் கலவைதான் என் தேர்வு.

சிக்கரி கலந்த ஃபில்டர் காபிப் பொடியைப் போடலாமா?

வேண்டாம். சிக்கரியில் கரையும் பொருள் காபியைவிட மிக அதிகம். அழுத்தத்தில் அது பிசுபிசுத்துச் சல்லடையை அடைக்கும். சிக்கரியின் அருமை ஃபில்டரில்தான் தெரியும். அதை அங்கேயே வைத்துக்கொள்வோம்.

நேற்று வறுத்த கொட்டை கிடைத்தது. உடனே போடலாமா? எவ்வளவு நாள் தாங்கும்?

பொறுங்கள். வறுத்த கொட்டைக்குள் கரியமில வாயு அடைந்திருக்கும். அது அதிகமாக இருந்தால் தண்ணீர் பொடியோடு சரியாகச் சேராது. நுரை மலையாக வரும், சுவை கூர்மையாகக் குத்தும். கறுத்த வறுவலுக்கு ஒரு வாரம், நடுத்தரத்துக்குப் பத்து நாள், இளம் வறுவலுக்கு இரண்டு வாரமும் அதற்கு மேலும் விட்டுத் திறவுங்கள். திறந்தபின் மூன்று நான்கு வாரத்துக்குள் முடித்துவிடுவது நல்லது.

நாள் ஆக ஆக வாயு குறைந்து ஷாட் வேகமாக ஓடும். அதனால் ஒரே பையில்கூட வாரத்துக்கு ஒருமுறை அரவையை ஒரு கிளிக் நைஸாக்க வேண்டியிருக்கும். மெஷினில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். ஐப்பசி மழையில் காற்றின் ஈரம் கூடும்போதும் அரவையைக் கொஞ்சம் நகர்த்த வேண்டிவரலாம்.

ஃப்ரிட்ஜின் சாதாரணத் தட்டுகளில் காபியை வைக்காதீர்கள். சாம்பார் மணமும் ஈரமும் ஏறும். ஃப்ரீஸர் வேறு கதை: காற்றுப் புகாத சிறு பொட்டலங்களாகக் கட்டி வைத்தால் மாதக் கணக்கில் சுவை நிற்கும். வேண்டிய பொட்டலத்தை மட்டும் எடுத்து, உருக விடாமல் அப்படியே அரைக்கலாம். வெளியே எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டாம்.

தண்ணீர் அவ்வளவு முக்கியமா? எங்கள் வீட்டில் ஆர்.ஓ. இருக்கிறது.

முக்கியம், இரண்டு காரணங்களால். ஒன்று சுவை, இன்னொன்று மெஷினின் ஆயுள்.

தண்ணீரில் கரைந்துள்ள பைகார்பனேட் காபியின் அமிலத்தை முறித்துவிடும். அது அதிகமான போர்வெல் தண்ணீரில் எந்தக் கொட்டையைப் போட்டாலும் தட்டையாக, சுண்ணாம்புச் சாயலோடு இருக்கும். கால்சியம் சூட்டில் படிவாகிக் குழாயை அடைக்கும். கடலோரப் பகுதிகளின் உப்புத் தண்ணீரில் இருக்கும் குளோரைடு இன்னும் மோசம். அது துருப்பிடிக்காத எஃகைக்கூட அரித்துவிடும். சென்னைப் போர்வெல் தண்ணீரை மெஷினில் ஊற்றவே வேண்டாம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளுக்கு இந்தக் கவலை குறைவு.

ஆர்.ஓ. இருந்தால் பாதுகாப்பு உண்டு. ஆனால் எல்லாத் தாதுவையும் நீக்கிய தண்ணீரில் காபி மெலிந்து, கூர்மையான புளிப்போடு வரும். சிறப்புக் காபிச் சங்கம் பரிந்துரைக்கும் அளவு, லிட்டருக்கு 150 மில்லிகிராம் அளவில் கரைந்த திடப்பொருள். 75 முதல் 250 வரை ஏற்கலாம். இந்த அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் வைத்துப் பாருங்கள். ஆர்.ஓ. மெஷினில் டி.டி.எஸ். திருகி இருந்தால் 80 முதல் 120-க்குள் வரும்படி மெக்கானிக்கிடம் சொல்லி வையுங்கள். அந்தத் திருகு, ஆர்.ஓ.வுக்கு வரும் தண்ணீரையே கொஞ்சம் கலந்துவிடும். கலப்பது போர்வெல் தண்ணீராக இல்லாத வரை இது நல்ல வழி.

இன்னும் உறுதியான வழி வேண்டுமா? ஒரு லிட்டர் வாலை வடிநீரில் 0.1 கிராம் பொட்டாசியம் பைகார்பனேட், உணவுத் தரத்தில் வாங்கியது. எஸ்பிரெசோ ஆர்வலர்களிடம் பல ஆண்டுகளாகப் புழங்கும் முறை இது. படிவு வராது, சுவையும் சமனாக இருக்கும். அவ்வளவு சிறிய அளவை நிறுப்பது கடினம் என்பதால் 10 கிராமை ஒரு லிட்டரில் கரைத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து லிட்டருக்கு 10 மி.லி. சேர்க்கலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் பொட்டாசியம் சேர்ப்பதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

மெஷினில் வெப்பத்தை மாற்ற வசதி இல்லை. என்ன செய்யலாம்?

எஸ்பிரெசோவுக்கு 90 முதல் 96 டிகிரி வரை பொதுவான எல்லை. வீட்டில் அடிக்கடி நடப்பது, மெஷின் தயார் என்று விளக்கு எரிந்ததுமே ஷாட் எடுப்பது. உள்ளே தண்ணீர் சூடாகியிருக்கும். போர்ட்டாஃபில்டர் என்ற கனத்த உலோகம் குளிர்ந்தே இருக்கும். அது வெப்பத்தை உறிஞ்சிப் புளித்த ஷாட்டைத் தரும். பாய்லர் உள்ள மெஷினை போர்ட்டாஃபில்டரைப் பூட்டியபடியே 20 நிமிடமாவது சூடேற விடுங்கள். சட்டென்று சூடாகும் வகைகளில், காபி போடாமல் வெறும் தண்ணீரை ஒருமுறை கோப்பைக்குள் ஓட்டுங்கள்: போர்ட்டாஃபில்டரும் கோப்பையும் சேர்ந்து சூடாகும். கறுத்த வறுவலுக்குக் கொஞ்சம் குறைந்த சூடும், இளம் வறுவலுக்கு அதிகச் சூடும் பொருந்தும்.

பெட்டியில் 15 பார், 20 பார் என்று போட்டிருக்கிறார்கள். 9 பார் போதும் என்கிறீர்களே?

அந்த எண் பம்பின் உச்சத் திறன். காபியில் விழவேண்டிய அழுத்தம் இல்லை. லுயீஜி பெட்சேரா 1901-இல் காப்புரிமை பெற்ற மெஷின் நீராவியால் ஓடியது. அதில் ஒன்றரை பார் அளவுதான் கிடைத்தது. மிலானைச் சேர்ந்த அக்கீலே கேஜியாவின் நெம்புகோல் மெஷின்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஸ்பிரிங் விசையால் 9 பார் அளவை எட்டின. இன்று நாம் அறிந்த நுரை அப்போதுதான் பிறந்தது. 1961-இல் ஃபயெமா ஈ61 மோட்டார் பம்பால் அந்த அழுத்தத்தை நிலையாகக் கொடுத்தது. அன்று முதல் 9 அளவுகோலாக நிற்கிறது. 12, 13 பாரில் பொடி அளவுக்கு மீறி இறுகி, தண்ணீர் குறுக்கு வழி தேடும். சில மெஷின்களில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வின் ஸ்பிரிங்கை மாற்றலாம். மின்சாரமும் சூடும் சேர்ந்த வேலை. பழக்கம் இல்லாவிட்டால் தெரிந்தவரிடம் விடுங்கள்.

நுரை சரியாக வரவில்லை.

கொட்டை பழசு, அல்லது அரவை பெரிது. ஒன்றை நினைவில் வையுங்கள்: நுரை வாயுவின் அடையாளம்தான், சுவையின் அடையாளம் இல்லை. அதைத் தனியாகக் கரண்டியில் எடுத்து ருசித்தால் கசக்கும். குடிக்கும் முன் கலக்கிவிடுங்கள். அடியில் கெட்டியும் மேலே நீர்த்ததுமாக இருக்கும் ஷாட் கலக்கினால்தான் ஒன்றாகும். இரண்டு நிமிடம் ஆறவிட்டால் இனிப்பு இன்னும் நன்றாகத் தெரியும். சர்க்கரை போடுவதில் தவறே இல்லை. இத்தாலியில் பெரும்பாலோர் போட்டுத்தான் குடிக்கிறார்கள்.

பால் சேர்த்தால் எஸ்பிரெசோ காணாமல் போகிறது. பாலும் நுரைக்கவில்லை.

முதலில் விகிதம். 36 கிராம் ஷாட்டுக்கு 120 முதல் 150 மி.லி. பால் போதும். பெரிய டம்ளர் நிறையப் பால் ஊற்றினால் எந்த ஷாட்டும் தாங்காது. பாலுக்கென்றே எடுக்கும் ஷாட்டைக் கொஞ்சம் கெட்டியாக, 18-க்கு 30 கிராம் என்று நிறுத்திப் பாருங்கள்.

நுரைக்கும் பால் ஃப்ரிட்ஜ் குளிரில் இருக்க வேண்டும். பாக்கெட் பால் ஏற்கெனவே பதப்படுத்தியதுதான், ஆனாலும் காய்ச்சாமல் பயன்படுத்த மனம் வராத வீடுகள் உண்டு. அப்படியானால் காய்ச்சி, ஆறவைத்து, ஆடையை முழுக்க எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்வித்துப் பயன்படுத்துங்கள். 4.5 சதவீதக் கொழுப்புள்ள பால் நுரைக்கும் சுவைக்கும் நடுவே நல்ல சமன். முதல் சில நொடிகளில் மட்டும் காற்றை உள்ளே விட்டு, பிறகு நீராவிக் குழாயைக் கொஞ்சம் ஆழத்தில் வைத்துச் சுழல விடுங்கள். 60 முதல் 65 டிகிரியில் நிறுத்துங்கள். அப்போது பாத்திரத்தைக் கையில் பிடித்திருக்க முடியாத அளவுக்குச் சுடும். ஆவி பறக்கும் சூட்டுக்குப் பழகிய வீட்டில் முதலில் இது குறைவாகத் தோன்றும். 70-ஐத் தாண்டினால் பாலின் இனிப்பு மங்கிக் காய்ந்த வாடை வரும்.

எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்வது?

ஒவ்வொரு ஷாட்டுக்குப் பிறகும் பொடியைத் தட்டிவிட்டுத் தண்ணீர் ஓட்டித் துடையுங்கள். வாரம் ஒருமுறை ஷவர் ஸ்கிரீனையும் (தண்ணீர் இறங்கும் மேல் சல்லடை) பாஸ்கெட்டையும் கழற்றி, காபி எண்ணெய் நீக்கும் தூள் கலந்த வெந்நீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். துளையில்லாத அடைப்பு பாஸ்கெட் வைத்துத் தூளைப் பின்னோக்கி ஓட்டும் முறை, ஷாட் முடிந்ததும் அழுத்தத்தை வெளியேற்றும் மூவழி வால்வு உள்ள மெஷின்களுக்கு மட்டும்தான். பழைய எண்ணெய் சிக்கு வாடையைத் தரும். எவ்வளவு நல்ல கொட்டையாக இருந்தாலும் அதை மறைக்க முடியாது. நீராவிக் குழாயைப் பால் காய்வதற்குள் துடைத்து, ஒரு நொடி நீராவியை வெளியே விடுங்கள். கிரைண்டரில் அரிசி போட்டு ஓட்டும் பழக்கம் வேண்டாம். அரிசி காபிக் கொட்டையைவிடக் கடினமானது, மோட்டாரைத் திணறவைக்கும். பிரஷ் போதும்.

பத்துப் பதினைந்து நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தேன். அதே கொட்டை, அதே அரவை, ஷாட் 15 நொடியில் ஓடிவிட்டது.

கொட்டையில் வாயு இறங்கிவிட்டது. இரண்டு மூன்று கிளிக் நைஸாக்கினால் நேரம் திரும்பிவிடும். மணம் முழுதாகத் திரும்பாது. அந்தக் கொட்டையைப் பாலுக்கு வைத்துக்கொண்டு, கறுப்பாகக் குடிக்கப் புதுப் பை திறவுங்கள். தொட்டியில் நின்ற தண்ணீரைக் கொட்டி, தொட்டியைக் கழுவிப் புதிதாக நிரப்பி, முதல் ஷாட்டுக்கு முன் இரண்டு கோப்பைத் தண்ணீரை வெறுமனே ஓட்டிவிடுங்கள். அடுத்த முறை கிளம்பும்போது மீதிக் கொட்டையை 18 கிராம் பொட்டலங்களாகக் கட்டி ஃப்ரீஸரில் வைத்துவிட்டுப் போங்கள்.